ஒற்றைத் தும்மலும் இரண்டு நிமிடமும்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேரும் நன்றாக இருக்கிறார்கள். அதில் பெரிய பங்கு எனக்கு, மீதி அவர்களுக்கு. அந்த ஐந்தில் கடைசிப் பிள்ளை ரவி. அவன் இருபது வருஷமாகக் காத்திருந்த ஒரு காரியத்தை ஒரே ஒரு விரலை ஆட்டிக் கெடுத்தவள் நான். எங்கள் ஊர் கிள்ளான் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தாகிவிட்டது. ஆளுக்கொரு விதமாகக் கதை கட்டுகிறார்கள். கெடுத்தவள் சொன்னால்தான் சரியாக இருக்கும் என்று நானே எழுத உட்கார்ந்தேன்.

(பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். என் வாயை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை.)

ரவிக்குப் பகலில் போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை. சனி ஞாயிறில் ஜாஸ் பேண்டில் டபுள் பேஸ் வாசிக்கிறான். டபுள் பேஸ் என்பது வயலின்தான், ஆனால் வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த வயலின். ரவியை விட உயரம், ரவியை விடப் பருமன். முதல் நாள் அதை வாசலில் இறக்கியபோது பீரோ வாங்கிவிட்டான் என்று நினைத்து, "உள்ள இடமில்லடா, திருப்பிக் குடுத்துரு" என்றேன். (அன்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கலாம்.)

பேண்டில் நான்கு பேர். பியானோவும் தலைமையும் டெஸ்மண்ட். எழுபதை நெருங்கிய மனிதர், வெள்ளை முடியைப் பின்னால் குதிரைவால் போட்டிருப்பார். டிரம்பெட் ஊதுவது மெய் லிங் என்ற சீனப் பெண். டிரம் அடிப்பது பிரகாஷ். எல்லாருக்கும் பின்னால் ரவி. டிரம்பெட் காதில் அடிக்கும், டிரம் நெஞ்சில் அடிக்கும். ரவி வாசிப்பது மட்டும் கண்ணுக்குத்தான் தெரியும். விரல்கள் ஓடும், சத்தம் வராது.

"ஏன்டா, உன் பெட்டிக்குக் கரண்டு இல்லையா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கேக்கும்மா. நான் நிறுத்துனாதான் உங்களுக்குத் தெரியும்."

"அப்ப ஒரு நாளைக்கு நிறுத்திப் பாரு" என்றேன். பெற்ற பிள்ளையை ஊக்கப்படுத்துவதில் எனக்கு நிகர் நான்தான்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு திடலில் ஜாஸ் திருவிழா, நாள் முழுக்கப் பல பேண்டுகள், அதில் இவர்களுக்கும் இடம் கிடைத்திருக்கிறது என்றான்.

"அம்மா, இந்தத் தடவ எனக்கு ரெண்டு நிமிஷம் குடுத்திருக்காரு டெஸ்மண்ட். மத்தவங்க எல்லாம் நிறுத்திருவாங்க. நான் மட்டும் வாசிப்பேன். இருவது வருஷத்துல இதான் முதல் தடவ."

"ரெண்டு நிமிஷம் போதுமா?"

"எனக்கு அதே பெருசும்மா. நீங்க வந்து கேக்கணும்."

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. (மருமகள் ஷாலினி இதைப் படிக்கமாட்டாள். அவள் இங்கிலீஷ் பள்ளி.) வருகிறேன் என்று சொன்னேன்.

இனி என் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிள்ளானில் கல்யாண மண்டபங்கள் பெரியவை. மணவறை ஒரு கோடியில், மேளக்காரர்கள் இன்னொரு கோடியில், நடுவே மறைத்துக்கொண்டு வீடியோக்காரர்கள். ஐயர் "கெட்டி மேளம்" என்று கத்துவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைக்கே கேட்காது. பல வருஷத்துக்கு முன்னால் என் தங்கை மகள் கல்யாணத்தில் தாலி ஏறும் நேரத்தில் மேளம் வரவே இல்லை. யாரோ ஒரு பெரியவர் இருமிய இருமலில்தான் தாலி ஏறியது. நல்ல நேரத்தில் கெட்ட சத்தம் காதில் விழலாமா? அழுகை, இருமல், தும்மல் என்று எது வந்தாலும் மேளம் மேலே விழுந்து மூட வேண்டாமா? அடுத்த கல்யாணத்தில் நான் முன்வரிசையில் எழுந்து நின்று, வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை ஆட்டினேன். மேளம் இடி மாதிரி இறங்கியது.

அன்றிலிருந்து கிள்ளான் வட்டாரத்தில் மேளக்காரர்கள் ஐயரைப் பார்ப்பதில்லை, என் விரலைத்தான் பார்ப்பார்கள். பந்தியில் எனக்கு இரண்டாவது பாயசம் கேட்காமலே வரும். அந்த விரலுக்கு நான் தனியாக மஞ்சள் பூசிக்கொள்வேன் என்று என் நாத்தனார் காஜாங் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். பொய். கை முழுக்கத்தான் பூசுவேன்.

பேண்டில் டிரம் அடிக்கும் பிரகாஷ் இருக்கிறானே, அவன் மேளக்காரர் ராஜாமணியின் மகன். முகூர்த்த நாட்களில் அப்பாவோடு தவில், மற்ற நாட்களில் ரவியோடு ஜாஸ். பதினைந்து வயதிலிருந்து என் விரலைப் பார்த்துப் பார்த்து அடித்துப் பழகிய கை அவனுடையது. புத்தியுள்ளவள் இதை முன்கூட்டியே யோசித்திருப்பாள். நான் அன்று என்ன புடவை கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அரக்குப் பட்டு கட்டினேன். மதியம் இரண்டு மணி வெயிலில், திறந்த திடலுக்கு, சரிகை போட்ட பட்டு. ரவி வாத்தியத்தோடு முன்னாலேயே வேனில் போய்விட்டான். நான், ஷாலினி, ரவியின் மகள் தன்யா மூவரும் கொமுட்டர் ரயிலில் போனோம். ரயிலில் ஒரு மலாய்க்காரப் பெண் எழுந்து இடம் கொடுத்து, கல்யாணத்துக்கா போகிறீர்கள் என்று மலாயில் கேட்டாள். மகன் கச்சேரி என்றேன். ஏறக்குறைய அதே மரியாதையோடு தலையாட்டினாள். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி மல்லிகைப் பூ வாங்கினேன். போகிற வழியில் ஒரு வண்டியில் கச்சாங் பூத்தே விற்றார்கள். கடலையும் பட்டாணியும் கலந்து ஒரு பெரிய காகிதப் பொட்டலம் வாங்கிக்கொண்டேன். வெறுங்கையோடு கச்சேரி கேட்க எனக்கு வராது.

திடலில் மேடைக்கு நேர் எதிரே இரண்டு வரிசை நாற்காலி. மற்றவர்களெல்லாம் புல்லில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முதல் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு தமிழ்ப் பெண் ஓடி வந்தாள்.

"ஆன்டி, இங்க உக்கார முடியாது லா. இது வி.ஐ.பி. சீட்டு."

"அதனாலதாம்மா உக்காந்தேன்."

அவள் என் பட்டைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், யாரோ அமைச்சரின் தாயார் என்று நினைத்தாளோ என்னவோ, தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தாள்.

எங்களுக்கு முன்னால் கல்லூரிப் பிள்ளைகளின் பேண்டு ஒன்று வாசித்தது. அதில் பாடிய பெண் கண்ணை மூடிக்கொண்டு, சூடான கஞ்சி நாக்கில் பட்டவள் மாதிரி "தபா துபா தபா" என்று ரொம்ப நேரம் பாடினாள்.

"தன்யா, இது என்ன பாஷ?"

"பாஷ இல்ல பாட்டி. வெறும் சத்தம்தான்."

"படிச்ச பிள்ளைங்களா?"

"எல்லாம் யூனிவர்சிட்டி பாட்டி."

"பாவம்" என்றேன்.

பாட்டு நடக்கும்போதே ஜனங்கள் நடுநடுவே கைதட்டினார்கள். ஒருவர் தனியாக வாசித்து முடித்தால் அவருக்கு உடனே தட்ட வேண்டுமாம். பந்தியில் ஒவ்வொரு கறிக்கும் எழுந்து நின்று கைதட்டுவது போல எனக்குப் பட்டது. எனக்குப் பின் நாற்காலியில் ஓலைத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் எல்லாவற்றுக்கும் தட்டினார். அவரைக் கவனித்து வையுங்கள். இந்தக் கதையில் குற்றவாளி அவர்தான் என்று நான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலரை மணிக்கு ரவியின் பேண்டு ஏறியது. வானம் அப்போதே செலாயாங் பக்கம் கறுத்துக்கிடந்தது. ரவி கறுப்புச் சட்டையில் பின்னால் நின்று, என்னைத் தேடி, முதல் வரிசையில் கண்டுபிடித்துச் சிரித்தான். பிரகாஷும் பார்த்துவிட்டு டிரம் குச்சியை நெற்றியில் வைத்து எனக்கு ஒரு கும்பிடு போட்டான். நல்ல பிள்ளை.

முதல் இரண்டு பாட்டும் எப்போதும் போல. டெஸ்மண்ட் குதிரைவாலை ஆட்டினார், மெய் லிங் ஊதினாள், ரவி அசைந்தான். மூன்றாவது மெதுவான பாட்டு. பிரகாஷ் குச்சியை வைத்துவிட்டுச் சின்ன விளக்குமாறு மாதிரி இரண்டை எடுத்து டிரம்மைக் கூட்டிப் பெருக்கினான். ஷாலினி என் காதருகே குனிந்து, "அத்தை, இதுதான்" என்றாள்.

டிரம்பெட் நின்றது. பியானோ நின்றது. பிரகாஷ் விளக்குமாறுகளை மடியில் வைத்தான். புல்லில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டம்கூட வாயை மூடியது. ரவி மட்டும் வாசித்தான்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தச் சத்தத்தை நான் இருபது வருஷத்தில் முதல் முறையாகக் கேட்டேன். காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. அவன் எனக்குள் இருந்தபோது ஏழாம் மாதத்தில் உதைத்தானே, அதே இடத்தில், அதே நிதானத்தில். இதற்காகத்தான் இத்தனை வருஷம் இந்தப் பீரோவைத் தூக்கிக்கொண்டு அலைந்தானா என்று நினைத்தேன். கண் கலங்கியது. துடைக்கலாம் என்று முந்தானையை எடுத்தேன்.

பின்னால் வெள்ளைக்காரர் தும்மினார்.

ஒரு தும்மல். ஒற்றைத் தும்மல். என் பிள்ளையின் நல்ல நேரத்தில், சரியாக என் பிடரியில்.

இரண்டு தும்மினால் பரவாயில்லை, தோஷம் கழிந்துவிடும். இரண்டாவதற்குக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"சத்து லாகி, துவான்" என்று மலாயில் கெஞ்சினேன். ஐயா, இன்னும் ஒன்று.

அவர் சிரித்த முகத்தோடு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தும்மவில்லை.

இனி ஒரே வழிதான். இதை நான் யோசித்துச் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். முப்பது வருஷப் பழக்கம். எழுந்து நின்றேன். வலது கை தானாக மேலே போயிற்று. விரல் ஆடியது.

மேடையில் பிரகாஷ் பாதிக் கண்ணை மூடி ஜாஸ்காரன் முகத்தோடு உட்கார்ந்திருந்தான். அரக்குப் பட்டு எழுந்ததும் கண்ணைத் திறந்தான். விரலைப் பார்த்தான். அவ்வளவுதான், அவன் முகம் கல்யாண வீட்டு முகமாக மாறிவிட்டது. விளக்குமாறுகள் மடியிலிருந்து விழுந்தன. குச்சிகள் கைக்கு எப்படி வந்தன என்று அவனுக்கே தெரியாது. அந்த டிரம், அந்தத் தட்டுகள், கிடைத்த எல்லாவற்றிலும் கெட்டி மேளம் கொட்டினான் பாருங்கள், புல்லில் தூங்கிய நாய் எழுந்து ஓடியது.

இது ஏதோ புது ஏற்பாடு என்று நினைத்து மெய் லிங் டிரம்பெட்டைத் தூக்கி ஊதினாள். டெஸ்மண்ட் இரண்டு கையாலும் பியானோ மேல் விழுந்தார். எனக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த மூன்று தமிழ்க் குடும்பங்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து நின்றன. ஒரு அம்மாள் தலையிலிருந்த பூவைப் பிய்த்து மேடையை நோக்கி வீசினாள். கெட்டி மேளம் கேட்டால் எதையாவது தூவாமல் நமக்குக் கை நிற்காது. என் இடக்கையில் அட்சதை இல்லை, கச்சாங் பூத்தேதான் இருந்தது. முழுப் பொட்டலத்தையும் வீசினேன்.

கடலை ரவியின் தலையில் விழுந்தது, தோளில் விழுந்தது, டெஸ்மண்டின் பியானோவில் சிதறியது. டபுள் பேஸின் வயிற்றில் இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து ஓட்டை இருக்கும். அதற்குள்ளும் விழுந்தது.

ரவியின் கை கம்பிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நான் சமாளித்திருப்பேன், எனக்கும் கோபம் வரும், சரிக்குச் சரி. அவன் கோபப்படவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவன் பஸ்ஸைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

மேளம் முடிந்தது. பிறகு கைதட்டினார்களே, அன்று முழுக்க எந்தப் பேண்டுக்கும் அப்படித் தட்டவில்லை. மஞ்சள் கண்ணாடி போட்ட அறிவிப்பாளன் மேடைக்கு ஓடி வந்து, "டிரம்ஸ்ல பிரகாஷ்! பிரகாஷ்!" என்று அலறினான். வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றிச் சுழற்றினார். ரவியின் பெயரை யாரும் சொல்லவில்லை.

டெஸ்மண்ட் நல்ல மனிதர். பியானோவிலிருந்து கடலையைத் தள்ளிவிட்டு, ரவியைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். அடுத்த பாட்டில் உன் இரண்டு நிமிஷத்தை எடுத்துக்கொள் என்று அர்த்தம். ரவி தலையாட்டினான். அடுத்த பாட்டின் முதல் வரி முடிவதற்குள் மழை வந்துவிட்டது. கோலாலம்பூர் மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. ஆட்கள் ஓடி வந்து ஸ்பீக்கர்களுக்குப் பிளாஸ்டிக் போர்த்தினார்கள். கச்சேரி முடிந்தது.

"பாத்தியா, தும்மல்" என்றேன் ஷாலினியிடம்.

"சாயங்காலம் ஆனா இங்க மழ வரும் அத்தை. அதுக்கு யாரும் தும்ம வேணாம்" என்றாள். பதினைந்து வருஷத்தில் அவள் என்னை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு பழகிவிட்டாள்.

மேடைக்குப் பின்னால் கூடாரத்தில் பிரகாஷ் என் முன்னால் வந்து நின்றான். அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை.

"பாட்டி, நான் என்ன பண்றது? உங்க விரல பாத்ததும் என் கை என் பேச்ச கேக்கல."

"அதுக்குன்னு இவ்வளவு நல்லாவா அடிப்ப?" என்றேன்.

வீட்டுக்கு வேனில் வந்தோம். எனக்கும் தன்யாவுக்கும் நடுவில் டபுள் பேஸ் படுத்திருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் அதன் வயிற்றுக்குள் கடலை உருண்டது. ரவிதான் வேனை ஓட்டினான். ஷா ஆலாம் தாண்டியதும் ரவி கேட்டான்.

"எதுக்கும்மா?"

"ஒத்தத் தும்மல்டா."

கொஞ்ச தூரம் போனான்.

"நாப்பது செகண்டுதாம்மா ஆச்சு."

அந்த நாற்பது வினாடியும் நன்றாக இருந்தது என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்துவிட்டது. ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "அந்த வெள்ளைக்காரன் ரெண்டாவது தும்மியிருந்தா நான் ஏன்டா எந்திரிக்கப் போறேன்" என்றது. மூன்றாம் வகுப்போடு இதையும் நிறுத்தியிருக்கலாம்.

மறுநாள் ரவி அந்த வாத்தியத்தைக் கூடத்தில் கவிழ்த்துப் போட்டுக் குலுக்கினான். தன்யா கீழே துண்டு விரித்துப் பிடித்தாள். கடலை, பட்டாணி, ஒரு மல்லிகை மொட்டு எல்லாம் விழுந்தன. ஒன்றே ஒன்று மட்டும் வரவில்லை. வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனான். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கடலை ஏதோ இடுக்கில் போய் உட்கார்ந்துவிட்டது, எடுக்க வேண்டுமானால் பிரிக்க வேண்டும், வேண்டாம் என்றாராம். அதனால் இன்றைக்கும் அவன் ஒரு குறிப்பிட்ட கம்பியை இழுத்தால் உள்ளே "கிர்ர்" என்று ஒரு சத்தம் வரும். மற்ற வாத்தியக்காரர்கள் அது என்ன என்று கேட்டால், "எங்கம்மா" என்று சொல்கிறானாம்.

ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. (இரண்டு வேளைதான் சாப்பிட்டேன்.) அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுபோய், அதில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"ரவி, அதக் கொண்டாந்து வாசி."

"எதும்மா?"

"அந்த ரெண்டு நிமிஷம்."

என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தான். பிறகு கொண்டுவந்து நிறுத்தி வாசித்தான். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, தெருவில் லோரி ஹார்ன் அடித்தது, ஷாலினி சமையலறையில் மிளகாய் தாளித்துத் தும்மினாள். ஒரு தடவைதான் தும்மினாள், வேண்டுமென்றேதான் என்று இப்போதும் நினைக்கிறேன். நான் அசையவில்லை. கை இரண்டும் மரத்துப்போயின. இரண்டு நிமிஷம் என்று சொன்னவன் மூன்றே கால் நிமிஷம் வாசித்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முடித்துவிட்டு, "எப்படிம்மா?" என்றான்.

"பரவால்ல. உன் பெட்டிக்குக் கரண்டு வருது" என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

அதற்குப் பிறகு கல்யாண மண்டபங்களில் என் விரல் ஓய்வு பெற்றுவிட்டது. நானாக விடவில்லை. அந்த ஜாஸ் மேளத்தை எவனோ போனில் பிடித்துப் போட, அதே நாத்தனார் அதை எனக்கே மூன்று தடவை அனுப்பினாள். அடுத்த முகூர்த்தத்தில் பிரகாஷ் என் பக்கம் திரும்பாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே தவில் வாசித்தான். பந்தியில் இரண்டாவது பாயசமும் வரவில்லை. வீட்டில் இன்னும் மோசம். யாராவது ஒரு தடவை தும்மினால் போதும், என் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் வலது கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். போன தீபாவளிக்கு ஏழு பேர் பிடித்தார்கள். பலகாரத் தட்டு கவிழ்ந்தது. அதற்கும் பழி எனக்குத்தான்.

சரி, எழுதியாயிற்று. தன்யா, இங்கே வா, போனைக் கீழே வை. இதைச் சத்தமாகப் படி, உங்கப்பாவும் இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறான். மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள். அவன் தனியாக வாசிக்கிற அந்த இடம் வரும்போது மட்டும் மெதுவாகப் படி. அங்கே அவசரப்படாதே.